ஆவாரை பூத்திருந்தும் வண்டு சாவதேன்?

ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ என்பது நம் முன்னோர் சொல்லி வைத்த பழமொழி. ஆவாரை இருக்கும் ஊரில் மருந்துக்குப் பஞ்சமில்லை என்பது அதன் பொருள். மழை ஓய்ந்த நாட்களில் ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகும் வழியிலும், ஏலகிரி, ஜவ்வாது மலையடிவாரக் கொல்லைகளிலும் வரப்பெல்லாம் மஞ்சளாகப் பூத்து நிற்கும் செடி அது. அந்தப் பூவில் பெரிய கருவண்டு ஒன்று தொங்கிக்கொண்டு உடலை அதிரவைத்து இரைவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

அந்த வண்டு உங்கள் கத்தரித் தோட்டத்துக்கு இப்போது வருகிறதா? முன்பு வந்த அளவுக்கு வருகிறதா? இல்லை என்றால் ஏன் என்பதைத்தான் இந்த வாரம் பேசப் போகிறோம். கடையில் வாங்கும் பூச்சிமருந்தைக் குற்றம் சொல்வது எளிது. ஆனால் வீட்டிலேயே அரைத்து, காய்ச்சி, வடிகட்டித் தெளிக்கிறோமே அந்த மூலிகைக் கரைசலுக்கும் இதில் பங்கு உண்டு. இயற்கை வழிக்குத் திரும்பியவர்கள் இதைக் கேட்டுக் கோபப்படாமல் கடைசிவரை படிக்க வேண்டும்.

தோலைப் பதமாக்கிய துவர்ப்பு

நம் பகுதியின் தோல் தொழில் ஆவாரம் பட்டையின் மேல் எழுந்தது. குரோம் உப்பு வருவதற்கு முன்பு ஆவாரம் பட்டையை இடித்து நீரில் ஊறவைத்து, அந்தச் சாற்றில் தோலைப் போட்டுப் பதப்படுத்தி, கடுக்காயில் முடிப்பார்கள். அப்படிப் பதமான மாட்டுத் தோல் 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற பெயரில் சீமைச் சந்தைக்குப் போனது. பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது. 1970களில் பாதி பதப்படுத்திய தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும் குரோம் முறை பரவியது. ஆவாரைக்கு வெட்டுக்கத்தி ஓய்ந்தது.

ஆவாரம் பட்டையில் இருந்த சரக்கு என்ன? டானின் என்னும் துவர்ப்புப் பொருள். தோலில் உள்ள புரதத்தோடு அது ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்ட பிறகு அந்தப் புரதம் அழுகாது. பச்சைத் தோல் செருப்புத் தோலாவது இப்படித்தான். ஆனால் ஆவாரை இந்தப் பொருளைத் தோல் ஷாப்புக்காகவா தயாரித்தது? தன்னைக் கடித்துத் தின்ன வரும் புழுவுக்காகத் தயாரித்தது. துவர்ப்பு புழுவின் குடலிலும் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். தின்றது செரிக்காமல் புழு தேங்கிப்போகும். செடிக்குக் காலும் இல்லை, கையும் இல்லை. இருக்கும் ஒரே ஆயுதம் தன் உடம்பில் ஊறும் நஞ்சுதான்.

நம் வரப்பைச் சுற்றிப் பார்த்தால் அத்தனையும் ஆயுதம் ஏந்திய செடிகள். எருக்கின் பாலில் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அரளியிலும் அதே வகை. ஊமத்தையில் மயக்கம் தரும் நஞ்சு. புகையிலையில் நிகோடின். வேம்பில் அசாடிராக்டின். கத்தரி, தக்காளி, உருளைக்கிழங்கு குடும்பத்துக்கே உரிய கசப்பு நஞ்சுகளும் உண்டு. ஆடு கூட எருக்கைத் தொட யோசிக்கும். ஆனால் கருவண்டு தினமும் எருக்கம்பூவில் உட்கார்ந்து தேன் குடித்துவிட்டுப் போகிறது. எருக்கின் மகரந்தம் பூவுக்குப் பூ போய்ச் சேருவதே பெரும்பாலும் அந்த வண்டின் தயவால்தான். நஞ்சுச் செடியின் பூவில் விருந்து எப்படி?

செடி வைத்திருக்கும் அளவு

விடை அளவில் இருக்கிறது. செடி தன் நஞ்சை எல்லா உறுப்பிலும் ஒரே அளவில் வைப்பதில்லை. புகையிலையை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ந்த இலையில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை நிகோடின் இருப்பது வழக்கம். அதே செடியின் பூந்தேனில் இருப்பது பத்து லட்சத்தில் ஒன்றிரண்டு பங்கு. இலையைத் தின்ன வருபவன் எதிரி, அவனுக்கு முழு அளவு. பூவுக்கு வருபவன் வேலைக்காரன், அவனுக்கு வாசனை காட்டும் அளவு மட்டுமே.

அந்தச் சிறு அளவால் நன்மையும் உண்டு. காப்பிச் செடியின் பூந்தேனிலும் எலுமிச்சை இனப் பூந்தேனிலும் சிறிதளவு காஃபின் இருக்கிறது. 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், காஃபின் கலந்த இனிப்பு நீரைக் குடித்த தேனீக்களில் மும்மடங்கு தேனீக்கள் அந்தப் பூவாசனையை ஒரு நாள் கழித்தும் நினைவில் வைத்திருந்தன. அமெரிக்காவில் 2015இல் வெளியான இன்னோர் ஆய்வில், குடலில் ஒட்டுண்ணி உள்ள பம்பிள் தேனீக்களுக்குப் புகையிலைக் குடும்பத்து அனபசின், நம் ஓமத்தில் உள்ள தைமால் போன்றவற்றைப் பூந்தேனில் இருக்கும் அளவில் கொடுத்தார்கள். ஒட்டுண்ணி வெகுவாகக் குறைந்தது. அனபசின் கொடுத்தவற்றில் 81 சதம் வரை குறைந்தது. நமக்கு வேப்பம்பூ ரசம் எப்படியோ, வண்டுக்கு இந்தப் பூக்கள் அப்படி.

பம்பிள் தேனீ என்றதும் சிலருக்குச் சந்தேகம் வரும். நம் சமவெளியில் அது கிடையாது. இந்தியாவில் அதன் இடம் இமயமலை. உடம்பெல்லாம் ரோமம் அடர்ந்த, குளிரில் பறக்கும் பெரிய தேனீ அது. ஐரோப்பாவில் 1980களின் இறுதியிலிருந்து கண்ணாடிக் குடில் தக்காளிக்கு மகரந்தம் சேர்க்க அதைப் பெட்டிகளில் வளர்த்து விற்கிறார்கள். அதனால் உலகில் பூநஞ்சு பற்றிய ஆராய்ச்சி பெரும்பாலும் அதன் மேல் நடந்திருக்கிறது. அது அங்கே செய்யும் வேலையை இங்கே செய்பவை இரண்டு: கட்டைகளைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டு, வயிற்றில் நீலப்பட்டை உள்ள நீலப்பட்டைத் தேனீ. நூல்களில் கருவண்டைத் தச்சன் தேனீ என்று எழுதுகிறார்கள். பெயர்தான் வண்டு, இனத்தால் அது தேனீயே. ஆகவே பம்பிள் தேனீயைப் பற்றிய செய்தி நமக்கும் சேர்த்துத்தான்.

கத்தரிக்கு வேண்டிய இரைச்சல்

ஆம்பூர் பிரியாணிக்குப் பக்கத்தில் கத்தரிக்காய்த் தொக்கு இல்லாமல் இலை நிறையாது. அணைக்கட்டுப் பக்கம் இலவம்பாடியில் விளையும் வேலூர் முள் கத்தரிக்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தக் கத்தரிப் பூவை ஒருநாள் காலையில் குனிந்து பாருங்கள். நடுவில் மஞ்சளாகக் குழல் போலக் கூம்பி நிற்பவை மகரந்தப் பைகள். அவை மற்றப் பூக்களைப் போலப் பிளந்து கொட்டாது. நுனியில் சிறு துளை மட்டும் உண்டு. உப்பு டப்பாவைக் கவிழ்த்துக் குலுக்கினால் உப்பு வருவது போல, பூவைக் குலுக்கினால்தான் மகரந்தம் வெளியே வரும். ஆவாரையின் பூவும் இதே அமைப்புதான்.

காற்றும் கொஞ்சம் குலுக்கும். கத்தரி தன் மகரந்தத்திலேயே காய்க்கக் கூடிய செடி. ஆனால் கருவண்டோ நீலப்பட்டைத் தேனீயோ பூவைக் கட்டிப் பிடித்துத் தன் சிறகுத் தசையை அதிரவைக்கும்போது மகரந்தம் பொழியும். காய்ப்பிடிப்பும் விதையும் கூடும். பெட்டித் தேனீயால் இந்த அதிர்வைத் தர முடியாது. அதனால் தேன்பெட்டி வைத்திருக்கிறேன், கத்தரிக்கு அது போதும் என்று இருந்துவிடக் கூடாது. தக்காளிக்கும் இதே கதைதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். கத்தரிப் பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுமே. உழைக்கும் வண்டுக்குக் கஞ்சி வேண்டுமே, அதற்கு எங்கே போகும்? வரப்பில் இருக்கும் எருக்கு, துவரை, புங்கன், நொச்சி, அகத்தி என்று தேடித்தான் போகும். கென்யாவில் கத்தரி வயல்களை ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட ஆய்விலும் இதே செய்திதான்: கத்தரிக்கு உழைத்தவை காட்டுத் தேனீக்கள், அவை பிழைத்திருந்தது வயலை ஒட்டிய காட்டுச் செடிகளால். வரப்பைச் சுத்தமாகச் செதுக்கி வைப்பவர் தன் கூலியாளின் சமையற்கட்டை இடிக்கிறார்.

பூவே கொல்லும் இடங்களும் உண்டு

செடி வைக்கும் அளவு எல்லாருக்கும் பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம். துருக்கியின் கருங்கடல் கரையில் ரோடோடெண்ட்ரான் பூத்தேனைத் தின்ற கிரேக்கப் படைவீரர்கள் மயங்கி விழுந்த செய்தியை கி.மு. 4ஆம் நூற்றாண்டில் செனபோன் எழுதி வைத்திருக்கிறார். அந்தச் செடி அயர்லாந்துக்குப் போய்க் களையாகப் பரவியது. அங்கே நடந்த ஆய்வு 2016இல் வெளியானது. அந்தப் பூந்தேனின் நஞ்சு பெட்டித் தேனீயைச் சில மணி நேரத்தில் கொன்றது. பம்பிள் தேனீயை ஒன்றும் செய்யவில்லை. தனித்து வாழும் சிறு தேனீ ஒன்று சாகவில்லை, ஆனால் அதன் நடமாட்டம் தடுமாறியது. ஒரே பூ, மூவருக்கு மூன்று விதம். நம் ஊர்ச் சாலையோரங்களில் அழகுக்கு நடும், செந்நிறக் கிண்ணம் போலப் பூக்கும் ஆப்பிரிக்கத் துலிப் மரமும் இப்படித்தான். பிரேசிலில் அதன் பூவுக்குள் கொடுக்கில்லாத் தேனீக்கள் செத்துக் கிடந்ததை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

இவற்றில் ஒரு பொதுத்தன்மை இருக்கிறது. ஒரு செடியும் ஒரு தேனீயும் காலம் காலமாகச் சேர்ந்து வாழ்ந்த இடத்தில் அளவு பழகியிருக்கிறது. பழகாத செடி வந்தாலோ, பழகிய செடியின் அளவு கூடினாலோ, பல பூ இருந்த இடத்தில் ஒரே பூ மட்டும் மிஞ்சினாலோதான் விபத்து. பல வீட்டுச் சோற்றைத் தின்பவனுக்கு ஒரு வீட்டு உப்பு கூடினாலும் ஒன்றும் ஆகாது. ஒரே வீட்டில் தின்பவன் பாடுதான் திண்டாட்டம்.

கஷாயத்தின் கணக்கு

இப்போது நம் தெளிப்பானுக்கு வருவோம். புகையிலைக் கஷாயம் நம் பக்கம் பழைய சங்கதி. அக்னி அஸ்திரத்திலும் புகையிலை சேர்கிறது. ஒரு கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ புகையிலைத் தூளில் நூற்றுக்கு இரண்டு பங்கு நிகோடின் என்று வைத்துக்கொண்டால் 20 கிராம். அதைக் காய்ச்சி 100 லிட்டர் தெளிப்பு நீராக்கினால், பத்து லட்சத்தில் 200 பங்கு. புகையிலைப் பூ தானாகத் தன் தேனில் வைத்திருந்தது இரண்டு பங்கு. நூறு மடங்கு! காய்ச்சும்போது பாதிதான் இறங்கியது என்றாலும் ஐம்பது மடங்கு. பூநஞ்சைத் தாங்கும் வண்டு இதைத் தாங்குமா?

வேம்பு இன்னும் நுட்பமானது. அசாடிராக்டின் நிகோடினைப் போல உடனே நரம்பைத் தாக்கிக் கொல்லாது. பூச்சி தோலுரித்து வளரும் வேலையையும் முட்டையிடும் வேலையையும் குழப்பும். புழுவுக்கு அதுதான் முடிவு, அதனால்தான் அது நல்ல மருந்து. ஆனால் பூவில் விழுந்த வேப்பஞ்சாறு மகரந்தத்தோடு தேனீயின் குஞ்சுக்கும் போகும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்று 2015இல் வெளியான ஆய்வில், பம்பிள் தேனீயின் சிறு கூட்டங்களுக்கு அசாடிராக்டின் கலந்த உணவைப் பல வாரங்கள் கொடுத்தார்கள். வயலுக்குப் பரிந்துரைக்கும் அளவில் கூட்டம் பெருகவே இல்லை. அதைவிடக் குறைந்த அளவிலும் முட்டையிடுவது குறைந்தது. ஆய்வுக்கூடத்தில் வேறு உணவு இல்லாமல் கொடுத்த முடிவு இது. வயலில் வண்டு பல பூ தேடும், வெயிலில் வேப்பஞ்சாறு சிதையும். ஆகவே வயலில் இதே அளவு கேடு வரும் என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு செய்தி உறுதி: வேம்பு தேனீக்குத் துளியும் தீங்கில்லாதது என்று நாம் மேடைதோறும் சொல்லி வந்தது சரியல்ல.

இதில் ஆபத்து என்னவென்றால் பிணம் தெரியாது. கடை மருந்து அடித்த மறுநாள் செத்துக் கிடக்கும் தேனீயைப் பார்த்துப் பதறுகிறோம். வேம்பு அடித்த மறுநாள் வண்டு வழக்கம் போலப் பறக்கும். அதன் கூட்டில் குஞ்சு வராது என்பது நமக்குத் தெரியாது. கருவண்டு பெட்டித் தேனீயைப் போல ஆயிரக்கணக்கில் பெருகும் இனமும் அல்ல. ஒரு பெண் வண்டு தன் ஆயுளில் இடும் முட்டைகள் சொற்பம். ஒரு போகம் தப்பினால் அடுத்த ஆண்டு தோட்டத்தில் இரைச்சல் குறையும். காரணத்தை மட்டும் நாம் வேறு எங்கோ தேடிக்கொண்டிருப்போம்.

கசந்தால் வண்டே விலகிப் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். 2014இல் பம்பிள் தேனீயை வைத்துச் செய்த சோதனையில், பூந்தேனில் இருக்கும் அளவிலான நஞ்சுகளை அவை பெரும்பாலும் ஒதுக்கவில்லை. நிகோடினைப் பார்த்துச் செய்த செயற்கை மருந்துகளின் கதை இன்னும் மோசம். இமிடாகுளோபிரிட், தயாமீதாக்சாம் எல்லாம் நிகோடின் தாக்கும் அதே நரம்பு முனையைத் தாக்குபவை. செடிக்குள் ஊடுருவி மகரந்தம், பூந்தேன் வரை போகக் கூடியவை. 2015இல் வெளியான ஆய்வில், தேனீக்களும் பம்பிள் தேனீக்களும் இவை கலந்த இனிப்பு நீரை ஒதுக்காததோடு, அதையே அதிகம் குடித்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் இவை இரண்டோடு குளோதயானிடினையும் திறந்த வயலில் பயன்படுத்தத் தடை விதித்தது. வண்டின் நாக்கை நம்பி நாம் தெளிக்க முடியாது.

பாலாறு சொன்ன பாடம்

கண்ணுக்குத் தெரியாத கேடு என்றால் என்ன என்பதை நம் பகுதிக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோல் பதனிடும் உப்பும் குரோமும் தொட்டிக்குள் இருந்தவரை சரக்கு. தொட்டியை விட்டுப் பாலாற்றிலும் ஏரியிலும் கிணற்றிலும் இறங்கியதும் நஞ்சு. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ ஓரளவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வேளாண் பல்கலைக்கழகத்தின் வேலூர் ஆராய்ச்சி மையம் கண்டறிந்த செய்தி இடம்பெற்றது. முதல் ஆண்டிலேயே அந்த நிலம் போய்விடவில்லை. தென்னை காய்ப்புக் குறைந்தது, கிணற்று நீர் உப்பேறியது, பிறகுதான் கணக்கெடுத்தார்கள். கணக்கு வந்தபோது ஒரு தலைமுறை கடந்திருந்தது.

அந்த இழப்புக்கு மற்றவரைக் கேள்வி கேட்டோம், அது நியாயம். மீந்திருக்கும் நல்ல நிலத்தில் நாமே தெளிப்பதை நாமே கேள்வி கேட்பதும் அதே நியாயம்தான். வண்டுக்கும் ஒரு தலைமுறை காத்திருந்து கணக்கெடுக்க வேண்டாம்.

என்ன செய்யலாம்?

வேம்பை விடச் சொல்லவில்லை. 10 லிட்டர் டேங்குக்கு 500 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பு என்னும் 5 சதக் கரைசல், சிறு விவசாயிக்குக் கைக்கெட்டும் நல்ல மருந்து. கடை மருந்தைவிட மண்ணுக்கும் மனிதருக்கும் நல்லது. ஆனால் அதுவும் மருந்து. மருந்துக்கு உள்ள பத்தியம் அதற்கும் வேண்டும்.

முதலாவது, மா, எள், சூரியகாந்தி, பயறு வகைகள் போல ஒரே பருவத்தில் பூத்து முடியும் பயிரில், பூ விரிந்த பிறகு எந்தக் கரைசலையும் தெளிக்காதீர்கள். மாவில் தத்துப்பூச்சிக்குத் தெளிப்பதானால் பூங்கொத்து வெளிவரும் தருணத்திலேயே, மொட்டு விரியும் முன் முடித்துவிடுங்கள்.

இரண்டாவது, கத்தரியும் தக்காளியும் மாதக் கணக்கில் பூத்துக்கொண்டே இருக்கும். பூ இல்லாத நாள் பார்த்துத் தெளிப்பது நடக்காத காரியம். அங்கே தெளிப்பின் எண்ணிக்கையைக் குறையுங்கள். குருத்துத் துளைப்பான் தாக்கி வாடிய நுனியை வாரம் ஒருமுறை கிள்ளி எடுத்து அழியுங்கள். துளை விழுந்த காயைத் தோட்டத்திலேயே எறியாதீர்கள். ஏக்கருக்கு ஐந்து இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். வேப்பம் புண்ணாக்கை அடியுரத்தோடு மண்ணில் இடுங்கள். இத்தனைக்கும் பிறகு தெளிக்க வேண்டியிருந்தால், மாலை ஐந்து மணிக்குப் பிறகு, பூக்கள் கூம்பி வண்டு அடங்கியதும், குருத்துக்கும் இலையடிக்கும் படும்படி தெளியுங்கள். காலையில் ஒருபோதும் வேண்டாம். காலைதான் வண்டின் வேலை நேரம்.

மூன்றாவது, புகையிலை சேர்ந்த கஷாயத்தையும் அக்னி அஸ்திரத்தையும் பூத்திருக்கும் பயிரில் தொடாதீர்கள். எருக்கு, ஊமத்தை சேர்ந்த ஐந்திலைக் கரைசலுக்கும் இதே விதி. அவை நாற்றங்காலிலும் பூப்பதற்கு முன்னும் மட்டும் இருக்கட்டும். தெளிக்கும்போது முகத்தில் துணி கட்டுங்கள், கைகளை மூடிக்கொள்ளுங்கள். நிகோடின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும். இலை ஊறிய நீர்தானே என்று வெறும் கையால் கலக்குவது நமக்கும் ஆபத்து.

நான்காவது, வரப்பைச் செதுக்குவதைக் குறையுங்கள். ஒரு பக்க வரப்பிலாவது ஆவாரை, நொச்சி, தும்பை, துவரை, அகத்தி என்று கலந்து நிற்கட்டும். ஒன்று முடிய ஒன்று பூத்தால் வண்டுக்கு ஆண்டு முழுவதும் சோறு. பல பூ கலந்தால் எந்த ஒரு நஞ்சின் அளவும் கூடாது. வரப்புப் பூவில் களைக்கொல்லியையோ கரைசலையோ அடிக்காதீர்கள். காற்று அந்தப் பக்கம் வீசும்போது தெளிப்பதையும் தள்ளிப்போடுங்கள்.

ஐந்தாவது, குடியிருக்க இடம் கொடுங்கள். கருவண்டு காய்ந்த கட்டையிலும் மூங்கிலிலும் குடியிருக்கும். பந்தல் மூங்கிலைத் துளைக்கிறது என்று அதன் துளையில் மண்ணெண்ணெய் ஊற்றுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதற்குப் பதிலாகக் கட்டைவிரல் நுழையும் துளை உள்ள மூங்கிலை, ஒரு முனையில் கணு இருக்கும்படி ஓரடித் துண்டுகளாக்கி, பத்துப் பதினைந்தைக் கட்டாகக் கட்டி, மோட்டார் ரூம் இறப்பில் மழை படாமல் கிடைமட்டமாகத் தொங்கவிடுங்கள். நீலப்பட்டைத் தேனீ மண்சுவரிலும் கொத்தாத வரப்பிலும் வளை தோண்டும். அந்த இடத்தை மண்வெட்டி படாமல் விட்டுவிடுங்கள்.

ஆறாவது, எண்ணிப் பாருங்கள். வாரம் ஒரு நாள் காலை எட்டு மணிக்குத் தோட்டத்தில் ஓர் இடத்தில் பத்து நிமிடம் நின்று, கண்ணுக்கு எட்டும் கத்தரிப் பூக்களில் எத்தனை முறை இரைச்சல் கேட்டது என்று ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். தெளிப்பதற்கு முன் எத்தனை, தெளித்த பின் எத்தனை, ஒரு மாதம் கழித்து எத்தனை என்று பார்த்தாலே உங்கள் தோட்டத்து உண்மை உங்களுக்குத் தெரிந்துவிடும். செலவில்லாத ஆராய்ச்சி இது. பள்ளிக்குப் போகும் பிள்ளையிடம் கொடுத்தால் சந்தோஷமாகச் செய்வான்.

களப் பணியாளர்களுக்கு

வேளாண்மை, தோட்டக்கலைத் துறை அலுவலர்களுக்கும், விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் பயிற்சி தருபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மூலிகைப் பூச்சிவிரட்டி செய்முறை விளக்கம் நடக்காத வட்டாரம் இன்று இல்லை. என்னென்ன இலை, எத்தனை கிலோ, எத்தனை நாள் ஊற வேண்டும் என்று தெளிவாகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள். அந்தச் செய்முறைத் தாளின் கடைசியில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள்: பூத்த பயிரில் தெளிக்கக் கூடாது, கத்தரி, தக்காளியில் மாலையில் மட்டும் தெளிக்க வேண்டும். கடை மருந்தின் டப்பாவிலாவது தேனீக்கு ஆபத்து என்ற எச்சரிக்கை இருக்கும். நாம் வீட்டில் காய்ச்சும் குடத்தின் மேல் அதை யார் எழுதுவது? நீங்கள்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று. விவசாயிக்குத் தேனீ என்றால் பெட்டியும் தேனும்தான் நினைவுக்கு வருகிறது. பயிற்சியில் கருவண்டையும் நீலப்பட்டைத் தேனீயையும் காட்டுங்கள். கத்தரித் தோட்டத்துக்கே அழைத்துப் போய் அந்த இரைச்சலைக் கேட்க வையுங்கள். ஒருமுறை கேட்டவர் அந்த வண்டின் துளையில் மண்ணெண்ணெய் ஊற்ற மாட்டார். இலவம்பாடிக் கத்தரியின் பெயரைக் காக்கச் சான்றிதழ் வாங்கிவிட்டோம். அந்தப் பூவைக் குலுக்கும் வண்டு பிழைத்தால்தான் சான்றிதழுக்கு ஏற்ற காயும் விதையும் நிலைக்கும்.

ஆவாரை தன் பட்டையில் எவ்வளவு துவர்ப்பு வைக்க வேண்டும், பூவில் வருபவனுக்கு எதைக் கொடுக்க வேண்டும் என்று அறிந்து வைத்திருக்கிறது. கையில் தெளிப்பான் பிடித்திருக்கும் நாமும் அந்த அளவை அறிந்துகொள்ள வேண்டும். நாளை காலை தோட்டத்துக்குப் போகும்போது டேங்கைத் தோளில் மாட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று கேளுங்கள். கத்தரிப் பூவில் இரைச்சல் கேட்டால் டேங்கை இறக்கி வைத்துவிட்டு மாலையில் வாருங்கள்.